சைஸ் செட் அனுப்பிய கார் கம்பெனி

என் கணவரும் நானும் சேர்ந்து ஒரு கார் கம்பெனி நடத்தினோம். சிரிக்காதீர்கள். அந்தக் கம்பெனிக்கு ஷெட் கிடையாது, கரண்ட் பில் கிடையாது, திங்கட்கிழமையானால் லீவு போடுகிற ஆள் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பும் எங்கள் இரண்டு பேருடைய வாயும்தான்.

கார் படம் வரைகிற பைத்தியங்கள் சேர்ந்த ஒரு குழு என் போனில் இருக்கிறது. அதை நடத்துகிறவர் உடுமலைப்பேட்டையில் பல் டாக்டராக இருக்கும் ஓர் அம்மா. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துச் சலித்துப்போய்த்தான் கார் பக்கம் வந்ததாக அவரே சொல்வார். அவர் ஒருநாள் போட்டி ஒன்று அறிவித்தார். ஆளுக்கு ஒரு கற்பனைக் கார் கம்பெனி. ஐம்பதுகளில் தொடங்கி இன்றுவரை, ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அந்தக் கம்பெனி ஒரு கூபே வெளியிட வேண்டும். கூபே என்றால் இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, பார்த்ததும் ஏறி ஓட்டத் தோன்றுகிற வண்டி. படத்தோடு, அதை எவர் வாங்குவார், ஏன் வாங்குவார் என்று அரைப் பக்கம் எழுதவும் வேண்டும். குழுவில் இருப்பவர்களே ஓட்டுப் போடுவார்கள். கடைசியாக வருகிற கம்பெனிக்கு நோட்டீஸ். அடுத்த பத்தாண்டிலும் கடைசி என்றால் கம்பெனியை மூடிவிடுவார்கள்.

எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவது என் வேலை. பகலெல்லாம் டி-சர்ட்டுக்குக் கழுத்து வளைவு வரைகிறவளுக்கு ஒரு மட்கார்டு வளைவு வராதா என்ன? ஐம்பதுகளின் வண்டியை ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். குண்டுக் கன்னமும் உருண்டை விளக்குமாக, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. அதை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மிணி, இந்தக் கதவுல எங்க சித்தப்பன் ஏறுனா, வெளிய எடுக்கறதுக்கு கிரேன்தான் வரோணும்."

திரும்பிப் பார்த்தால் என் கணவர், கையில் டீ டம்ளரோடு நிற்கிறார். கதவு சின்னதா பெரியதா என்பதை விடுங்கள், மனுஷர் வாயைத் திறந்து ஒரு கேலி பேசினாரே, அதற்கே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவருக்குச் சொந்தமாக, துணி பின்னும் நிட்டிங் கம்பெனி இருந்தது. வட்ட மிஷின்கள் ராப்பகலாக ஓடி, துணி உருண்டை உருண்டையாக இறங்கி, டையிங்குக்கு, அதாவது சாயப்பட்டறைக்குப் போகும். நூல் விலை ஏறியது, ஆர்டர் இறங்கியது, கடைசியில் மிஷின்களை விற்றுவிட்டு ஷெட்டைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது வேறொருவர் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறார். நல்ல வேலைதான், குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அவர் சத்தமே குறைந்துபோனது. குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டார். சண்டை போடவும் ஆள் இல்லாமல் நான் தவித்துப்போயிருந்தேன்.

கதவைப் பெரிதாக்கினேன். வண்டி நல்ல ஓட்டு வாங்கியது. அறுபதுகளுக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பச்சை அடித்தால், "இது பாட்டில் கிரீன் இல்ல அம்மிணி, ஒரு டோன் டார்க் ஆயிப்போச்சு, ரிஜெக்ட்," என்பார். வேலை செய்யும் இடத்திலிருந்து, சாய நிறங்களின் மாதிரி ஒட்டிய ஷேட் கார்டைக் கொண்டுவந்து திரையோடு ஒட்டவைத்துப் பார்ப்பார். அடேயப்பா, துணி வாங்குகிற எந்த வெளிநாட்டு பையரும் என்னை அந்தப் பாடு படுத்தியதில்லை! ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வண்டியும் தேறியது.

எழுபதுகளில்தான் வந்தது வினை. படம் முடிந்து அனுப்பப் போகும் நேரத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரே ஒரு சைஸ அனுப்புனா எவன் அப்ரூவ் பண்ணுவான்? சைஸ் செட் போடு."

எங்கள் தொழிலில் அதுதான் முறை. மொத்த ஆர்டரை வெட்டுவதற்கு முன்னால் எஸ், எம், எல், எக்ஸெல் என்று ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். அதற்குத்தான் சைஸ் செட் என்று பேர். அவர் சொன்னதும் எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது! ஒல்லியாக இருப்பவருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே காரா? சட்டைக்குச் செய்வதுபோலவே காரையும் சைஸ் சைஸாகப் பெருக்கினேன். சட்டையில் உடம்பு எவ்வளவு பெருத்தாலும் கழுத்து அந்த அளவுக்குப் பெருக்காது. அந்தப் பழக்கத்தில் சக்கரத்தை எல்லா சைஸுக்கும் ஒரே அளவாக விட்டுவிட்டேன். எக்ஸெல் கார், முக்காலியில் ஏறி நிற்கும் யானை போல வந்தது. நாங்கள் அதையும் பெருமையாக அனுப்பினோம்.

குழு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூர் வந்து தங்கிவிட்ட கட்டிங் மாஸ்டர் ஒருவர், "யக்கா, எனக்கு டபுள் எக்ஸெல் கெடைக்குமா?" என்று கேட்டார். "துவைச்சா சுருங்குமா?" என்று இன்னொருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "திருப்பூருக்கு வந்து ஒரே சைஸ்ல வாங்கிட்டுப் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும்," என்று எழுதிப்போட்டேன். டாக்டரம்மா மட்டும் தன்மையாக, ஒரு கம்பெனிக்கு ஒரு கார்தான் என்பது விதி, நாலு அனுப்பியதால் ஓட்டு செல்லாது என்று எழுதினார். கடைசி இடம். நோட்டீஸ் வந்தது: 'அடுத்த பத்தாண்டிலும் கடைசியாக வந்தால் கம்பெனி மூடப்படும்.'

அதுவரை அந்தக் கேலிகளுக்குச் சிரித்துக்கொண்டிருந்த என் கணவர், நோட்டீஸைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இதையும் மூடோணுமா?" என்றார்.

"ஏனுங்க, இது படத்துல இருக்கற கம்பெனிங்க. இதுக்குப் போயி வெசனப்படறீங்களே!"

"படமோ என்னமோ. மூடறதுன்னா மூடறதுதான் அம்மிணி. இன்னொருக்கா என்னால ஆகாது."

அவர் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை. யாரோ வகுத்த விளையாட்டு விதிக்காக என் புருஷன் மறுபடியும் ஊமையாகிப் போவதா? மூடுகிறார்களா பார்த்துவிடலாம் என்று எனக்கு ரோஷம் ஏறியது. லேப்டாப்பை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

எண்பதுகளுக்கு நான் மூக்கு கூர்ந்த, திறந்து மூடும் விளக்கு வைத்த வண்டி ஒன்று வரைந்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இத்தன வேகம்?" என்று கேட்டார்.

"ஸ்போர்ட்ஸ் காருன்னா வேகமாத்தானுங்க போகும்."

"அது சரி. எங்க போறதுக்கு?"

எரிச்சலாக வந்தது. பதில் அவரிடமே இருந்தது. திருப்பூரில் ஒரு மனுஷன் பேய் மாதிரி வண்டி ஓட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். சரக்கு லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட்டிருக்கும். கடைசி நேரத்தில் செக்கிங்கில் கழித்த பீஸ்களைச் சரிசெய்து, மிச்சப் பெட்டிகளைக் காரில் அடைத்து, கப்பலுக்கான கேட் சாத்துவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "முதலாளி ஓட்டுவான், பக்கத்துல மேனேஜர் உக்காந்துட்டு சாமி கும்புட்டுட்டே வருவான். பின்னால பெட்டி. அவனுக்குப் போடு வண்டி," என்றார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார். ஹாலில் கிடந்த சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, சாக்பீஸால் தரையில் காரை நிஜ அளவில் வரைந்தோம். பின்னால் பெட்டிகளை வைத்தால் கூரை சரிய இடமில்லை.

"கூபேன்னா முதுகு சரியோணுமுங்க!"

"பெட்டி நசுங்குனா பையர் நம்மளயே சரிய உட்ருவான்!"

எத்தனை காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு சண்டை! தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசியில் பெட்டியைப் படுக்கப் போட்டு, கூரையை அதற்குப் பின்னாலிருந்து சரித்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இருவரும் கோட்டுக்குள் உட்கார்ந்தோம். அவர் கையை நீட்டி இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தயிர் உறை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"தூத்துக்குடிக்குங்க," என்றார் என் கணவர், முகத்தைத் திருப்பாமல். "வாங்கன்னு சொல்லலாம், ரெண்டே சீட்டுதானுங்க."

அந்த அக்கா உறையை மறந்து திரும்பிப் போனார். நான் சிரித்து சிரித்து ஒரு பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல, வாங்குபவர் கதையை நான் தட்டி, அடியில் கம்பெனி முதலாளி என்று அவர் பேரைப் போட்டேன். அனுப்பிய கையோடு இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டு நடந்த நாட்களில் அவர் போனைத் தொடவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தை மட்டும் பார்ப்பார், முடிவு இன்னும் வரவில்லை என்று நான் தலையாட்டுவேன்.

முடிவு வந்த காலையில் அவர் ஸ்டூல் மேல் நின்று ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரெண்டாவது எடமுங்க! கம்பெனி தப்பிச்சுருச்சு. அந்தக் கட்டிங் மாஸ்டர் இருக்காருல்லீங்க, அப்படிப் பெட்டிக்கு நடுவுல நசுங்கிட்டு நானே போயிருக்கேன்னு எழுதி ஓட்டுப் போட்டாருங்க."

என் கணவர் ஃபேனை விட்டுவிட்டுப் போன் பக்கம் திரும்பினார்.

"உங்க முதலாளி இருக்காருங்களா? ஒரு வார்த்த பேசோணும்," என்றார் டாக்டரம்மா.

என் கணவர் ஸ்டூலைவிட்டு இறங்கினார். கையை லுங்கியில் துடைத்தார். சட்டையை எடுத்து மாட்டி, பட்டனைப் போட்டுக்கொண்டுதான் போனை வாங்கினார்.

"முதலாளிதானுங்க பேசறேன். சொல்லுங்க."

"தொண்ணூறுகளோட வண்டி எப்பங்க கைக்கு வரும்? சீக்கிரம் அனுப்புனா தேவலைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. திருப்பூரில் துணி இன்னும் மிஷினிலேயே ஏறவில்லை என்றாலும், ஏன், நூலே வந்து சேரவில்லை என்றாலும், கேட்கிறவருக்குச் சொந்தக் கம்பெனிக்காரன் சொல்வதற்கு ஒரே பதில்தான் உண்டு. நிட்டிங் கம்பெனி நடந்த காலத்தில் அதை அவர் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை போனில் சொல்லுவார். மிஷின்களை விற்ற பிறகு அதைச் சொல்ல அவருக்குத் தேவையே இருக்கவில்லை.

"வண்டி ரெடிங்க மேடம்," என்றார் என் கணவர், துளியும் தயக்கமில்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "டையிங்ல இருக்குதுங்க. நாளைக்குக் காலைல வந்துரும்."