தீக்காக்கையைப் பார்த்த மூன்று பேர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆவி எதிரில் வந்தால் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்பேன் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டவன். அதனால் இதை நான் சொல்லும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும், பரவாயில்லை, முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நடந்தது ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல் மூன்று மணி.

எழுபதுகளின் நடுவில் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன், அதாவது கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்வை பார்க்கிற வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். மேனேஜருக்குப் பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மறுபடி சின்னமனூர் அரிசி மில்லில் மூட்டை தூக்க வேண்டியதுதான். மேனேஜர் மதுரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் பறவைப் பைத்தியம். பங்களாவில் கிடந்த ஒரு பழைய பறவைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, தோட்டத்தைச் சுற்றும்போது கண்ணில் படுவதையெல்லாம் அதில் குறிக்கச் சொன்னார்.

இங்கிலீஷ் புத்தகம், பக்கத்துக்கு நாலு கலர் படம். எனக்கு முன்னால் அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்த தங்கராசு என்பவர் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தமிழ்ப் பெயர், பார்த்த இடம், தேதி, நேரம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சாய்ந்த கையெழுத்தில் பொடிப்பொடியாகப் பென்சிலால் எழுதியிருந்தார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய எல்லாப் படத்துக்கும் குறிப்பு இருந்தது. தீக்காக்கைக்கு மட்டும் பெயரோடு சரி, கீழே ஒன்றுமில்லை. சிவந்த வயிறும் கறுத்த தலையுமான பறவை அது, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்குமாம். மேனேஜருக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும், தினமும் காலையில் அதைத்தான் கேட்பார்.

ஆறாவது மாதம் முடிகிற நேரம், என் புத்தி பேதலித்துப்போயிற்று. ஏழாம் நம்பர் தோட்டத்து ஓடைக்கு மேலே பார்த்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடாமல் புத்தகத்திலும் இடம், தேதி, நேரம், ஒருவர் என்று எழுதிவைத்தேன். மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு, நாளைக்கே கூட்டிப்போ என்றார். பனிக்குள் தேடிவிட்டுப் பறந்துபோச்சு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு.

மறுநாள் மதியம் போனோம். பறவை பார்க்கப் போனால் பேசக்கூடாது என்பது அவர் சட்டம், எல்லாம் கைஜாடைதான். இடம் தெரிந்தவன் என்று நான் முன்னால் நடந்தேன். புத்தகம் என் தோள்பையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி இருந்தது. ஓடையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது, நீட்டிய கை தெரியவில்லை. கால் முழுக்க அட்டை. ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேனேஜர் என்னைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் பனி சற்று விலகியிருந்தது, கொஞ்ச தூரத்தில் அவர் முதுகு. அவருக்கும் முன்னால் இன்னொரு முதுகு.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என்னை மாதிரியே தலையோடு கம்பளி போர்த்திய ஓர் ஆள், திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டி, விரலை மடக்கி மடக்கி வா, வா என்று கூப்பிடுகிறான். மேனேஜரும் சத்தம் வராமல் பூனை மாதிரி அடி வைத்துப் போகிறார். முதலில் தோட்டத்து ஆள் யாரோ என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, மேனேஜர் ஏறிப் போய்க்கொண்டிருந்த பாறைக்கு அப்பால் பாதையே கிடையாது, அதலபாதாளம். அந்த ஆள் நின்றதோ பாறை விளிம்பையும் தாண்டி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் கத்தினால் வேலை போய்விடுமே என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் கத்திவிட்டேன்.

"சார், நில்லுங்க. அங்கன பறவையே இல்ல. நான் சொன்னது பொய்யி."

கோபத்தில் அவர் சட்டென்று நின்று திரும்பினார். அவர் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டு போனது, அது கீழே விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது.

"நீ முன்னாடில்ல போய்க்கிட்டிருந்த?" என்றார். "இப்பத்தானே கையக் காட்டிக் கூப்பிட்ட?"

பாறைக்கு அந்தப் பக்கம் பனியைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வந்து சேர்ந்தோம். முதல் வேலையாக அந்தப் பொய்யை அழி என்றார். புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். நான் எழுதிய வரிக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில் இன்னொரு வரி. ஏழாம் நம்பர், பாறைக்குக் கீழே, மூன்றேகால் மணி, மூன்று பேர்.

வாசலில் நின்ற கங்காணியைக் கூப்பிட்டுக் காட்டினோம். வேலையாட்களுக்குத் தலைவரான அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தங்கராசு ஐயா எழுத்தாச்சே. அவுக பாக்காத ஒண்ண எழுதவே மாட்டாகளே. இந்தப் பறவையத் தேடித்தான் அங்கன போனாக. பாற மேல செருப்பு மட்டும் கெடந்துச்சு, ஆளு கெடைக்கல."

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, நிரந்தரம்கூட ஆக்கினார். நான்தான் அந்த மாதமே மலையிறங்கி வந்துவிட்டேன். புத்தகத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். என் வரியை அழித்துவிட்டேன், அடுத்த வரியில் ரப்பரை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தேனிக்கு வந்து பல நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். புத்தகம் முழுக்கத் தங்கராசு தேதி போடாத குறிப்பு ஒன்றுகூட இல்லை. அந்த வரியில் மட்டும் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆள் எண்ணிக்கை இருக்கிறது, தேதி இல்லை. அன்றைக்கு நானும் மேனேஜரும் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை. தங்கராசுவோ பார்க்காததை எழுதாத மனிதர், அப்படியென்றால் அந்தத் தேதி இனிமேல்தான் வரவேண்டும். இதைப் பகலில்கூடத் தனியாக இருந்து யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மேனேஜர் ஓய்வு பெற்று இப்போது மதுரையில்தான் இருக்கிறார். போன மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தார், ஒருதடவை இரண்டு பேருமாக மேகமலைக்குப் போய்வரலாமா என்று கேட்டு. நான் இன்னும் பதில் எழுதவில்லை.