கோர்ட்டுக்குப் போட்டுப் போன தோடு

போன வாரம் புதுக்கோட்டை கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பதறாதீர்கள்... வழக்கு என் மேல் இல்லை. எங்கள் கீரனூர்த் தெருவில் இருக்கும் செல்லம்மாவுக்குத் துணையாகப் போனேன். தெருப் பெண்களில் நாலு எழுத்துப் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் கோர்ட்டோ ஆஸ்பத்திரியோ, தெருவே என்னைத்தான் கூப்பிடும். எனக்கும் அதில் பெருமைதான். மறைப்பானேன்?

செல்லம்மாவுக்கு என் வயதுதான். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். போன வருஷம் அவள் வேலை பார்த்த வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்ப் பிரம்பால் அடித்தார்கள். பிறகு அந்தச் சங்கிலி, அந்த வீட்டு நெல் குதிருக்குள்ளேயே கிடைத்தது! "சரி, நீ போ" என்றார்கள். போனாள் — மடங்காத வலது கையோடு.

அந்தக் கைக்கு நஷ்டஈடு கேட்டுத்தான் சர்க்கார் மேல் வழக்குப் போடக் கிளம்பினோம். கேட்பதற்கே காசு வேண்டுமாம்! கோர்ட்டுக் கட்டணத்துக்கு அவள் எங்கே போவாள்? எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். 'பாப்பர் மனு' என்று பெயர். தன்னிடம் சொத்து எதுவும் இல்லை என்று காட்டிவிட்டால், கட்டணம் கட்டாமலே வழக்குப் போடலாம். அன்றைக்கு விசாரணை அதற்குத்தான்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா — ஜவுளிக்கடை ராவுத்தரின் மனைவி — வழியை மறித்தார்.

"ஏ புள்ள செல்லம், இப்படி மூளிக் காதோடயா ஜட்ஜய்யா முன்னால போய் நிக்கப் போறே? இங்கிட்டு வா."

தன் காதிலிருந்த சிவப்புக் கல் தோட்டைக் கழற்றினார். அசல் தங்கம்.

"வேணாங்கக்கா. தொலஞ்சுதுன்னா நான் ஆயுசுக்கும் ஒழைச்சாலும்..."

"தொலச்சா ஒன்னைய எங்க வீட்டுலயே புடிச்சு வச்சுக்கிறேன், பாத்திரம் தேய்க்க. பேசாம காதைக் காட்டு!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். கல்யாணமானாலும் கோர்ட்டானாலும் நம் பெண்ணை வெறுங்காதோடு அனுப்பக் கூடாது... அது எங்கள் தெருவின் சட்டம். கோர்ட்டில் வேறொரு சட்டம் இருக்கிறது என்பது எங்களில் யாருக்குத் தோன்றியது? படித்த எனக்கே தோன்றவில்லையே!

சர்க்கார் வக்கீல் எழுந்தார். அவள் கையைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லேன்னு மனுப் போட்டிருக்கியே, காதுல மின்னுதே... அது யாருதும்மா?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்லம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தாள்.

"என்னுதுங்க."

எங்கள் வக்கீல் பதறி எழுந்து, "இரவல் நகைங்க" என்றார். "அந்தப் பொண்ணே தன்னுதுன்னு சொல்லுதே" என்றார் ஜட்ஜ். மனு தள்ளுபடி. இனி வழக்குப் போட வேண்டுமென்றால் கட்டணம் கட்டித்தான் போட வேண்டும். அதற்கும் முன்னால், இந்த மனுவை எதிர்த்து வாதாடச் சர்க்காருக்கு ஆன செலவை செல்லம்மா கட்ட வேண்டுமாம்!

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் செல்லம்மா, இரவல்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அடுத்தவுக நகை எங்கிட்ட இருக்குதுன்னு, போலீஸ்காரரு காதுபடச் சொல்லச் சொல்றியா?"

தோட்டின் திருகைத் திருக அவள் கை மடங்கவில்லை. நான்தான் கழற்றினேன்.

அடித்தவருக்கும் சர்க்கார் சம்பளம். எதிர்த்து வாதாடியவருக்கும் சர்க்கார் பணம். இரண்டும் நம் வரிப்பணம்தானே? செல்லம்மா வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. சர்க்கார் ஆளால் கை போனவள் நியாயம் கேட்டு வந்தால், அந்தச் செலவைச் சர்க்காரே ஏற்பதுதானே முறை? அவளிடமே வசூலிப்பது என்ன கணக்கு?

ஆயிஷா அக்கா தோட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் இன்னும் காதில் போடவில்லை. செல்லம்மாவும் வழக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒரே ஒரு ஆறுதல்... அவளை அடித்த பிரம்புக்கு இன்னும் பில் வரவில்லை.