றஞ்சிதத்தின் வெள்ளிக்கிழமைச் சிக்னல்

முருங்கன் சந்தியில் மோட்டார் சைக்கிளுக்குக் கரண்ட் வேலை என்றால் ரவிசந்திரன்தான். என்ஜினில் கைவைக்க மாட்டான், டயரைத் தொட மாட்டான். லைட், ஹோன், சிக்னல், பற்றரி, அவ்வளவுதான். மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, கட்டுக்கரைக் குளத்து வயல்களில் கூலிக்கு நின்ற மாரிமுத்துவின் மகன் கையில் சேறு படாத வேலை பார்க்கிறான் என்று தகப்பனுக்குப் பெருமை. மகனுக்கு அதைவிடப் பெருமை. எந்த வயருக்குள் தலையை விட்டாலும் போட்ட சேட்டின் மடிப்புக் குலையாது. கடையின் சீமெந்துத் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம், அப்படி ஒரு துப்புரவு.

அந்தத் துப்புரவுக்காக மீன் வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் வைத்திருந்தான். பெட்டியைக் கழற்ற வேண்டும், சைக்கிளைக் கழுவ வேண்டும், காயவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். மீன் நாற்றம் அவனுக்கு ஆகாது. மீன் குழம்பு நன்றாக ஆகும், அது வேறு விசயம்.

விடத்தல்தீவு றஞ்சிதம் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. விடியக் கரையில் மீன் எடுத்து, பின் கரியரில் பெட்டியைக் கட்டி, முருங்கன் பக்கம் வீடு வீடாக விற்கிறவள். புருசன் அந்தோனிமுத்து முதுகு வருத்தத்தால் கடலுக்குப் போவதை விட்டு இரண்டு வருடம். அந்த மோட்டார் சைக்கிள் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

தவக்காலம் தொடங்கிய முதல் சனிக்கிழமை அவள் வந்தாள்.

"தம்பி, நேற்று வலது சிக்னலைப் போட, இடதும் சேர்ந்து மின்னுது. பின்னால வந்த பஸ்காரன் வாயில வந்தபடி பேசிப்போட்டுப் போறான்."

ரவிசந்திரன் பல்புகளைக் கழற்றிப் பார்த்தான். சுவிச்சைப் பிரித்துத் துடைத்தான். மீற்றரை வைத்து வயர் வயராகத் தடவினான். வலதைப் போட வலது மின்னியது, இடதைப் போட இடது மின்னியது.

"ஒரு பழுதும் இல்லை அக்கா. நீங்கள் மாறி அமத்திறியள்."

"பன்னிரண்டு வருசமா ஓடுறன். எனக்கு வலது இடது தெரியாதே?"

அடுத்த சனியும் வந்தாள், அதே முறைப்பாடு. இவன் சிக்னலை மின்னவைக்கும் பிளாஷரை மாற்றிக் கொடுத்தான். மூன்றாம் சனியும் வந்தாள். "வெள்ளிக்கிழமையில மட்டும்தான் தம்பி வருது" என்றாள். ரவிசந்திரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வயருக்குக் கலண்டர் பார்க்கத் தெரியாது அக்கா."

சரி, அதோடு விட்டானா மனிசன்? தேத்தண்ணிக் கடையில் சொன்னான், சலூனில் சொன்னான். றஞ்சிதத்தை இரண்டு முறை மறித்து எச்சரித்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் விசாரித்தபோது அவருக்கும் சொன்னான். "பைக் சோக்கா இருக்கு சேர். ஆளுக்குத்தான் கை தடுமாறுது." அவ்வளவுதான், இன்னொரு முறை பிழை விட்டால் வழக்கு எழுதி லைசன்ஸ் கோட்டுக்குப் போகும் என்று சார்ஜன்ட் அவளுக்குச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அவள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"லைசன்ஸ் போனால் என்ர வீட்டில சோறும் இல்லை, அவருக்கு மருந்தும் இல்லை. பழுது பிடிபடாட்டி பிடிபடேல்லை எண்டு சொல்லுங்கோ. என்னை விசரி ஆக்காதேங்கோ."

ரவிசந்திரனுக்குக் கோபம் வந்தது. தன் வேலையில் குறை சொன்னால் அவனுக்குக் காது அடைத்துவிடும்.

நான்காம் வெள்ளி, பழுது பார்த்த ஒரு பைக்கை ஓடிப் பார்க்கக் கட்டுக்கரைப் பக்கம் போனான். முன்னால் றஞ்சிதம். கரியரில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டி. தவக்காலத்து வெள்ளியில் கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை, அதனால் மீன் இரட்டிப்பாகப் போகும். சனிக்கிழமைகளில் மட்டும் அவளைக் கண்ட ரவிசந்திரனுக்கு அது எங்கே தெரியும்? அவளுடைய இடப்பக்கச் சிக்னல் மின்னியது. சரி, இடப்பக்கம் திரும்பப் போகிறாள் என்று வலப்பக்கத்தால் முந்தினான். அவள் வலப்பக்கம் திரும்பினாள். ரவிசந்திரன் பைக்கோடு வாய்க்காலுக்குள் போனான்.

"ஐயோ மாதாவே!" என்று றஞ்சிதம் ஓடிவந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் பதற்றம் போய்விட்டது. "காலுக்கு ஒண்டுமில்லையே? அப்ப வாங்கோ. வந்து பாருங்கோ, நான் எந்தப் பக்கம் போட்டிருக்கிறன் எண்டு."

சேறு வழிய ஏறி வந்து பார்த்தான். சுவிச் வலப்பக்கம் கிடந்தது. முன்னால் இரண்டும் மின்னின. பின்னால் வலது செத்துப்போய், இடது மட்டும் மின்னியது. இரண்டு பெட்டியையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான். வலதுக்கு உயிர் வந்தது, இடது நின்றது. கைவிட்டான், பழையபடி மாறிவிட்டது. கீழே படுத்துப் பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். இரட்டைப் பாரத்தில் கரியர் தணிந்து பின் சிக்னல் வயர்களை நசுக்குகிறது. மேல்தோல் தேய்ந்து இரண்டும் ஒட்டுகின்றன, வலது வயர் பாதி அறுந்து தொங்குகிறது. பாரம் இல்லையென்றால் எல்லாம் தன்பாட்டில் சரியாகிவிடும். மூன்று சனிக்கிழமை, பழுதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லி, பழுதே இல்லை என்று சாதித்திருக்கிறான்! மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் முகத்தில் சொட்டச் சொட்ட வயரை ஒட்டி, கரியருக்கு எட்டாமல் இழுத்துக் கட்டினான். வெட்கத்தில் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனால் வாய்க்கால் கதை அவனுக்கு முன்னரே முருங்கனுக்குப் போய்விட்டது. பின்னேரமே சார்ஜன்ட் றஞ்சிதத்தின் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் ரவிசந்திரன் றஞ்சிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றான்.

"சேர், பிழை என்ர. அவ சரியாத்தான் போட்டவ. வயர் நசிஞ்சதை நான்தான் கவனிக்கேல்லை."

சார்ஜன்ட் முழுவதையும் கேட்டார். பிறகு அவன் தோளில் தட்டினார். "உங்களை வாய்க்காலுக்குள்ள தள்ளின மனிசிக்காக நீங்களே வந்து பொய் சொல்லுறீங்கள். நல்ல மனம்."

ரவிசந்திரன் கோயில் மேல் சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணப் பண்ண அவன் மதிப்புத்தான் கூடியது. கடைசியில், அவனுடைய முகத்துக்காகக் கோட்டுக்கு அனுப்பவில்லை, திங்கட்கிழமை அவள் தன் முன்னால் ஓடிக் காட்டட்டும் என்று முடித்தார்.

திங்கட்கிழமை மைதானத்தில் றஞ்சிதம் ஓடினாள். ஒரு திருப்பத்திலும் ஒரு சிக்னலும் பிழை விடவில்லை. லைசன்ஸை நீட்டிக்கொண்டே சார்ஜன்ட் சொன்னார், "ரவி நல்லாப் பழக்கியிருக்கிறார்." அவள் அதை வாங்கிக்கொண்டு பைக்கை எடுத்தாள்.

இப்போது முருங்கன் முழுக்க அதே பேச்சு. இரண்டு நாளில் ரவிசந்திரன் றஞ்சிதத்துக்கு வலது இடது பழக்கிவிட்டானாம். தேத்தண்ணிக் கடையில் அவன் மறுத்தால், "அடக்கத்தைப் பாருங்கோ" என்கிறார்கள். போன கிழமை மில்ரன் என்றொருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார், பிள்ளைக்கும் பைக் ஓடப் பழக்கிவிட வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து றஞ்சிதம் வாசலில் நின்றாள்.

"அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோவன்" என்று ரவிசந்திரன் கெஞ்சினான்.

"மூண்டு கிழமையா நான் சொன்னதும் உண்மைதான் தம்பி" என்றாள் றஞ்சிதம். "ஆர் நம்பினது?"

அவள் பைக்கை ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.