யாரை அடைப்பது?

எங்கள் வீட்டு ஏழு இளங்கோழிகளில் ஒரு சேவல், சாம்பல் நிறப் பெட்டையின் முதுகில் ரத்தம் வரும்வரை கொத்தியது. அலுவலகத்தில் புகார் கொடுத்தவரையே இடம் மாற்றிப் பழகியவன் நான். முறைப்படி பெட்டைக்கு மஞ்சள் தடவி, தனியாகப் பஞ்சாரக் கூடையில் அடைத்தேன். ஆறியபின் திறந்துவிட்டதும் முன்னைவிட மோசமாகக் கொத்து வாங்கியது. இன்னொரு முறை என்றால் பிழைக்காது என்று மறுபடியும் அதையே அடைத்தேன்.

புதுவயல் அரிசி ஆலையிலிருந்து தவிடு கொண்டுவரும் அம்மாள் பஞ்சாரத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அடி வாங்குனதையா அடைச்சு வச்சிருக்கீக? நல்லாப் படிச்சீக போங்க! அடிச்சதைப் புடிச்சு உள்ள போடுங்க சார்."

சேவலை நான்கு நாள் அடைத்தேன். திரும்பி வந்தபோது கூட்டம் அதைப் புது ஆளாகவே நடத்தியது. அது ஓரமாக நிற்க, பெட்டை பயமின்றித் தவிடு தின்றது. இவ்வளவு தெளிவான உத்தரவை என் மேலதிகாரிகள் ஒருவரும் போட்டதில்லை.