சாரி கார்டு கழற்றிய வண்டி

எண்பதுகளில் எங்கள் வீட்டு புல்லட் வண்டி, மில் வேலைக்கும் எனக்கும் சேர்த்துத்தான் ஓடியது. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். புரட்டாசி சனிக்கிழமைகளில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போவேன். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு; அதன் மேலிருக்கும் பெருமாளையும் பார்த்துவிட்டு வருவோம். வாரம் முழுக்க வாய் திறக்காத மனுஷன் அந்த வழியில்தான் என்னோடு பேசுவார்.

தொண்ணூறுகளில் ஒரு கம்பெனி பெரிய எஞ்சின், தாழ்ந்த சீட்டு, உயர்ந்த ஹேண்டில்பார் என்று ஒரு வண்டியை இறக்கியது. மதுரையில் அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. வாங்க வக்கில்லை. இருந்த வண்டியையே லேத் பட்டறையில் போட்டார். எஞ்சினைப் பிரித்து வேகம் கூட்டினார். காலை நீட்டி ஓட்ட வசதியாக மிதியை முன்னே தள்ளினார். பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க மாட்டிய சாரி கார்டு என்ற கம்பி வலையையும், நான் கால் வைக்கும் பலகையையும் கழற்றி வீசினார்.

"ஏங்க, நான் எப்படி உக்கார?"

"சாரி கார்டு கெடந்தா மாட்டுவண்டி கணக்கா இருக்கும்ட்டி. வேணும்னா ரெண்டு பக்கமும் காலப் போட்டு உக்காரு."

சேலை கட்டிக்கொண்டு எந்தத் தெருவில் அப்படி உட்காருவது? அந்தப் புரட்டாசியில் நான் பஸ்ஸில் போனேன். வழியில் அவர் அந்த வண்டியில் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார். காலை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, ராஜா மாதிரித்தான் இருந்தார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. அவர் வீசிய கார்டை எடுத்துக் கொல்லைச் சுவரில் சாய்த்து, பாகற்கொடி ஏற்றிவிட்டேன்.

சில வருடங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வண்டியை விற்றால்தான் ஆயிற்று என்றானது. தளவாய்புரத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வாங்க வந்தார்.

"பழைய சாரி கார்டு கெடக்கா அக்கா? இவ உக்காரணும்லா."

கொடியை அறுத்து எடுத்துக் கொடுத்தேன். வந்தவர் வாசலிலேயே வைத்து மாட்டினார். அந்தப் பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி, புருஷன் தோளில் கை வைத்தாள். தெருமுனை திரும்பும்போது அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தது தெரிந்தது.

நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழறிக் குழறிச் சொன்னார்.

"கார்டு மாட்டுனாலும்... வண்டி நல்லாத்தான் இருக்குட்டி."

இதைச் சொல்ல இவருக்கு ஒரு பக்கம் விழ வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டேன்.