பேசிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள்

குனிந்து கொத்திக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தபோது மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. "நெஞ்சுக்குள்ளை ஏதோ துள்ளுது" என்றார். ஸ்கந்தபுரத்தில் எங்களுக்குக் காணி கிடைத்து இரண்டாவது மழைக்காலம் அது. காட்டை வெட்டித் திருத்தாவிட்டால் அரசாங்கம் காணியைத் திரும்ப எடுத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் நெடுநேரம் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாடிப் பிசகு (இதயம் ஒழுங்கு தவறித் துடிப்பது) என்று குளிசை தந்தார்.

"மூச்சை அடக்கிக்கொண்டு கொத்தாதேங்கோ. தலையைக் கவிட்டு நிண்டிட்டுச் சடாரெண்டு நிமிராதேங்கோ. இப்ப நடை மட்டும். கதைச்சுக்கொண்டு நடவுங்கோ. கதைக்க மூச்சுக் காணாட்டி நிண்டிடவேணும்."

சரியான ஆளிடம்தான் சொன்னார்! பன்னிரண்டு வருடத்தில் இவர் என்னோடு பேசியதையெல்லாம் அரைக் கொப்பிக்குள் எழுதிவிடலாம்.

காலையில் வாய்க்கால் கரையில் அவர் முன்னால், நான் பின்னால். ஒருநாள் சின்ன வயதில் வீட்டில் நின்ற காளைக்கன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார்.

"கண்டு கயித்தை அறுத்துக்கொண்டு..."

நின்றார். முன்னால் ஓடிப் பார்த்தேன். கண்கள் திறந்தே இருந்தன. கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். பறந்து வந்த ஓர் இலையான் அவர் உதட்டில் ஊர்ந்தது. அவர் அதை ஓட்டவில்லை.

"...ஓடிட்டுது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"ஏனப்பா நிண்டனீங்கள்?"

"நான் எங்கை நிண்டனான்? நடந்துகொண்டெல்லே வாறன்."

அன்றே மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயம் இடையில் துடிக்காமல் நின்று, பிறகு தானாகவே தொடங்குகிறது என்றார் டாக்குத்தர். மற்றவர்கள் விழுந்துவிடுவார்கள், இவர் விழாமல் நின்றது தனக்கும் அதிசயம் என்றார். மருந்தை மாற்றி மூன்று கிழமை படுக்க வைத்தார்.

"இனி அப்பிடி நிண்டால் உலுக்கிக்கொண்டு நிக்காதேங்கோ அம்மா. உடனை கிடத்துங்கோ."

வீடு திரும்பியதும் மண்வெட்டிக்கு நெஞ்சளவு நீளத்தில் பிடி போட்டோம். அயலவர்கள் சிரித்தார்கள். அவர் குனியாமல், ஒவ்வொரு கொத்துக்கும் மூச்சை வெளியே விட்டு, மெல்ல மெல்லக் கொத்தினார். நான் வரம்பில் இருந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது. காணி எங்கள் கையில் தங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் பேச வையுங்கள். அவர் தேறிவிடுவார். உங்கள் பயம் போய்விடும் என்று மட்டும் நான் பொய் சொல்லமாட்டேன்.

அதன் பிறகும் மூன்று முறை நின்றார். கிடத்தினேன், எழுந்தார். கேட்டால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சிரிக்கிறார். அவருக்கு அந்த நேரங்கள் இல்லவே இல்லை. நான் ஒருத்திதான் அவற்றை முழுவதும் வாழ்ந்து முடித்தேன். எனக்கு அவரைவிட ஆறு வயது குறைவு. இப்போது நான்தான் மூத்தவள்.