ஏழாவது இடத்துப் படம்

எங்கள் வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தால் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் ஒன்று முதல் ஏழு வரை எழுதியிருக்கும். அது சித்தப்பாவின் பட்டியல். அவருக்குப் பிடித்த டைரக்டர் எடுத்த ஏழு படங்களும் அதில் தரவாரியாக நின்றன. அம்மா பட்டுச்சேலை எடுக்கும்போதெல்லாம் முந்தானை பட்டு நாலாவது படம் அழிந்துபோகும். சித்தப்பா மில்லிலிருந்து வந்ததும் முனகிக்கொண்டே மறுபடி எழுதுவார். படங்களின் பெயரைச் சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள், அதனால் எண்ணாலேயே சொல்கிறேன்.

பட்டியலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு படத்தை இடம் மாற்ற வேண்டுமானால் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை மறுபடி பார்க்க வேண்டும். சும்மா யோசித்து மாற்றக் கூடாது. பார்க்கும்போது பக்கத்தில் ஒரு சாட்சி வேண்டும். பத்து வயதில் அந்தப் பதவி எனக்குக் கிடைத்திருந்தது. முதல் இடத்தில் லாரி சண்டை வரும் படம் இருந்தது. எனக்கும் அதுதான் முதல். ஏழாவது படத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் அது மோசம் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்வேன்.

அந்த வருடம் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். நாலு இடம் தட்டிப்போய்விட்டது. ஐந்தாவது ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மாவுக்குப் பெண்ணையும் பிடித்தது, வீட்டையும் பிடித்தது, பெண்ணின் அம்மா பேசிய விதமும் பிடித்தது. சேத்தூரிலிருந்து வயலும் தோப்புமாக இன்னொரு வரன் காத்திருப்பதாகவும், செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். தனியாக விடக் கூடாதல்லவா, துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். சுள்ளென்று வெயில். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் மட்டும் ஒரு பாய் அளவுக்கு நிழல். அங்கே போய் நான் நின்றுகொண்டேன். கையில் ஒரு கிண்ணம் பால்கோவா இருந்தாலும் காது அவர்களிடம்தான்.

சித்தப்பா எடுத்த எடுப்பில் எந்த டைரக்டர் பிடிக்கும் என்று கேட்டார். அந்த அக்கா அவருடைய டைரக்டரையே சொன்னார். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் படம் முதல் என்று அடுத்துக் கேட்டார். அக்கா சொன்னது ஏழாவது படத்தை.

"அது ஒரு படமாங்க? இண்டர்வெல்லுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன்."

"தூங்கிட்டு மார்க் போட்டா எப்படிங்க?"

பிறகு இரண்டு பேரும் விடவில்லை. பாட்டு, பின்னணி இசை, கதாநாயகன் ஏன் பேசாமலே இருக்கிறான் என்று வாதம் போனது. நடுவில் அந்த அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, "செத்த நகரு பாப்பா" என்று என்னைத் தள்ளிவிட்டு, நான் நின்ற இடத்தில் போட்டார். சித்தப்பா அதில் உட்கார்ந்து வாதத்தைத் தொடர்ந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கீழே இறங்கும்போது இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தன.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். மாடியில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அம்மா தலையில் கை வைத்தார்.

"ஏன் தம்பி, சினிமாவுக்கா சண்ட போட்டுட்டு வந்திய? அந்தப் புள்ளையப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு அண்ணி. ஆனா படத்த இன்னொருக்க பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஏழாவது படம் எங்கும் கிடைக்கவில்லை. ஓடாத படத்தை யார் வைத்திருப்பார்கள்? சித்தப்பா இரண்டு நாள் அலைந்து, ஒரு சிடி கடையின் அடி அலமாரியிலிருந்து அதை மீட்டுக்கொண்டு வந்தார். திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை என்றாராம் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. கல்யாணத்தைத் தடுத்து நிற்கும் படம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க அப்பாவும் வந்துவிட்டார். படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறான். அவள் பேசாமல் டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டு, வேர்த்து ஊற்ற எதிரே உட்காருகிறாள். அந்த இடத்தில் படம் நின்றுபோனது. சிடி மாட்டிக்கொண்டது என்று பிளேயரைத் தட்டப் போனேன். பார்த்தால் ரிமோட் சித்தப்பாவின் கையில் இருந்தது. அவர்தான் நிறுத்தியிருந்தார்.

"ஏட்டி, ஒரு நிமிசம் இரு" என்றார். டிவியை அவர் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் பீரோவைத் திறந்து பட்டியலை முழுவதும் துடைத்தார். ஏழாவது படம் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அவர் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு போன் போட்டுவிட்டார். இரண்டாவது இடம்தான் என்று சித்தப்பா பின்னாலிருந்து கத்தினார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. மீதியைக் கல்யாணத்துக்குப் பொறவு பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

எனக்குக் கோபமான கோபம். ஒரு பெண்ணுக்காக மனிதர் கட்சி மாறிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பழைய பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். சித்தி வந்த புதிதில் இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் எனக்குத் தலை பின்னிவிட்டார்.

போன மாதம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஏதோ ஒரு மனத்தாங்கல். ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். டிவியில் அந்தப் படம் ஓடியது. அந்தப் பெண் ஃபேனைத் திருப்பியபோது எனக்கு அந்த மொட்டை மாடி ஞாபகம் வந்தது. நாற்காலி போட்ட இடம் மாடியிலேயே நிழல் இருந்த ஒரே இடம். அதில் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டு, பட்டுச்சேலையோடு வெயிலில் நின்றுதான் அந்த அக்கா அவரை எதிர்த்து வாதாடியிருக்கிறார். சித்தப்பா படத்தை நிறுத்திச் சுவரில் பார்த்தது அதைத்தான்.

பஸ்ஸில் அம்மாவிடம் எல்லாச் சண்டையையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த ஒரே சாட்சி நான்தான். நானும் தூங்கிவிட்டுத்தான் மார்க் போட்டிருக்கிறேன்.